சென்னையா, மும்பையா, மதுரையா: ரூட்டிங் தரவு சேகரிக்கும் பெட்டியை எங்கே வைப்பது?

வடக்குமாசி | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேர். ஆய்வுக்காக பிஜிபி (எந்த முகவரிக்கு எந்த வழியாகப் போவது என்று நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் நெறிமுறை) தரவு சேகரிக்க ஒரு பெட்டி வைக்கப் போகிறோம். அந்தப் பெட்டி யாருக்கும் எதையும் அறிவிக்காது. மற்ற நெட்வொர்க்குகள் சொல்லும் ரூட்களைக் கேட்டு, நேரம் போட்டு, எம்ஆர்டி என்ற பதிவு வடிவில் கோப்பாக எழுதி வைக்கும், அவ்வளவுதான். இதற்கு 'கலெக்டர்' என்று பெயர். (வீட்டில் கலெக்டர் விஷயமாக அலைகிறேன் என்று சொன்னேன். அம்மா பக்கத்து வீட்டில் போய் பையனுக்கு ஆட்சியர் அலுவலகத்தில் வேலை என்று சொல்லிவிட்டார்.)

நாங்கள் பார்க்க நினைப்பது இது: மழை, பள்ளம், கேபிள் அறுப்பு என்று ஏதாவது நடந்தால் தென் மாவட்டத்துச் சின்ன ஐஎஸ்பிகளின் (இன்டர்நெட் இணைப்பு தருபவர்களின்) வழி எப்படி மாறுகிறது? எவ்வளவு நேரத்தில் மாறுகிறது?

கையில் உள்ள பணம் ஒரே ஓர் இடத்துக்கு, ஒரு வருடத்துக்குத்தான் வரும். மும்பையில் டிராஃபிக் அதிகம் என்பதால் நான் மும்பை கட்சி. குழுவில் ஒருவர் சென்னை என்கிறார். இன்னொருவர், மதுரைதான் தென் மாவட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது, பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) குறையும், இங்கேயே வைக்கலாம் என்கிறார். உங்கள் கருத்து?

சிம்மக்கல் | திங்கள், இரவு 9.58

மும்பைதான், யோசிக்கவே வேண்டாம். நாட்டிலேயே பெரிய பரிமாற்ற முனைகள் (ஐஎக்ஸ், பல நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று இணையும் இடங்கள்) அங்கேதான் இருக்கின்றன. பெரிய சந்தைக்குப் போனால்தானே எல்லாச் சரக்கும் கிடைக்கும்?

நைட்ஷிப்ட் | செவ்வாய், அதிகாலை 2.15

பதினைந்து வருடமாக நெட்வொர்க் வேலை, அதில் பாதி ராத்திரி வேலை. இப்போதும் ஷிப்டில்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் பிங்கை விட்டுவிடுங்கள். சென்னைக்கும் மதுரைக்கும் நடுவில் சுமார் 460 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப 5 மில்லி நொடி. கேபிள் சுற்றி வந்தால் அதைப் போல இரண்டு மடங்கு என்று வையுங்கள். ஒரே முகவரிக்கான அடுத்தடுத்த அறிவிப்புகளுக்கு நடுவே பிஜிபிக்கான தர ஆவணம் ஆர்எஃப்சி 4271 பரிந்துரைக்கும் இடைவெளி 30 நொடி. அப்படிப்பட்ட நெறிமுறையில் 5 மில்லி நொடியை யார் எண்ணப் போகிறார்கள்?

அடுத்து டிராஃபிக். சிம்மக்கல் சொன்ன சந்தை உவமை இங்கே பொருந்தாது, ஏனென்றால் கலெக்டர் சரக்கைப் பார்ப்பதே இல்லை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பையனை நோட்டுப் புத்தகத்தோடு உட்காரவைத்து, எந்த ஊருக்கு எந்த வழியாக பஸ் போகிறது என்று எழுதச் சொல்கிறீர்கள். பஸ்ஸில் எத்தனை பேர் தொங்கினார்கள் என்பது அவனுக்கு வேண்டாம். சாயங்காலம் நோட்டை வாங்கிப் பார்த்தால் சென்னை, திருச்சி, திருநெல்வேலி, நாகர்கோவில் எல்லாம் இருக்கும். தேனி வண்டியும் கோவை வண்டியும் இருக்காது. அவை ஆரப்பாளையத்தில் இருந்து கிளம்புகிறவை. இந்த நோட்டை மட்டும் நம்பினால் மதுரையில் இருந்து தேனிக்குப் பஸ்ஸே இல்லை என்று கட்டுரை எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள், பஸ்ஸைப் பற்றி அல்ல, பியரிங் (இரண்டு நெட்வொர்க்குகள் காசு வாங்காமல் நேரடியாக இணைவது) பற்றி.

காரணம் பிஜிபியின் வியாபாரப் பழக்கம். ஒரு நெட்வொர்க் பியரிடம் கற்ற ரூட்டைத் தன் வாடிக்கையாளருக்குச் சொல்லும். இன்னொரு பியருக்கோ, தனக்கு டிரான்சிட் (காசுக்கு உலகம் முழுக்கப் போகும் இணைப்பு) தரும் அப்ஸ்ட்ரீமுக்கோ சொல்லாது. சொன்னால் அடுத்தவன் டிராஃபிக்கைக் காசில்லாமல் சுமக்க வேண்டும். அதனால் சிவகாசியில் ஒருவரும் திண்டுக்கல்லில் ஒருவரும் நேரடியாகப் பியரிங் செய்தால், அந்த இணைப்பு மும்பையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படவே படாது. அந்த இருவரில் ஒருவரிடமோ, அவர்களிடம் இணைப்பு வாங்கியவரிடமோ காது வைத்தால்தான் தெரியும்.

ஆகவே எந்த ஊர் என்ற கேள்வியைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். யார் உங்களுக்கு முழு டேபிள் (உலகத்து ரூட்கள் எல்லாம் அடங்கிய பட்டியல்) தருவார், அவர் பார்வை மற்றவர்கள் பார்வையில் இருந்து எவ்வளவு வேறுபடும் என்று முதலில் பாருங்கள். ஒரே அப்ஸ்ட்ரீமில் தொங்கும் பத்துப் பேர் தங்கள் ரூட் பட்டியலை ஃபீடாகக் கொடுத்தாலும் அது ஒரே நோட்டின் பத்து ஜெராக்ஸ்.

தெப்பக்குளத்தான் | செவ்வாய், காலை 7.30

விவரம் தெரியாமல்தான் கேட்கிறேன். நாங்கள் பார்க்கும் வீடியோ, அனுப்பும் மெசேஜ் எல்லாம் இந்தப் பெட்டி வழியாகப் போகுமா?

வடக்குமாசி | செவ்வாய், காலை 7.52

போகாது அண்ணே. நைட்ஷிப்ட் அண்ணன் சொன்ன மாதிரி பஸ்ஸின் போர்டு மட்டும்தான். பயணிகளைப் பார்க்கும் வசதியே அதில் இல்லை.

நைட்ஷிப்ட் அண்ணே, 'முழு டேபிள்' கேட்டால் கிடைத்துவிடாதா? ஐஎக்ஸில் போர்ட் எடுத்து ரூட் சர்வரோடு சேர்ந்தால் எல்லாரும் சொல்வதும் வந்துவிடும் என்று நினைத்தேன்.

நைட்ஷிப்ட் | புதன், அதிகாலை 1.05

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

ரூட் சர்வரோடு ஒரு செஷன் (பிஜிபி இணைப்பு) போட்டால் பல உறுப்பினர்களின் ரூட்கள் ஒரே குழாயில் வரும், உண்மை. ஆனால் ஒவ்வொருவரும் அங்கே கொடுப்பது தன் சொந்த முகவரிகளும் தன் வாடிக்கையாளர் முகவரிகளும் மட்டும். அதிலும் ஒரே முகவரியை இரண்டு பேர் சொன்னால், சாதாரண அமைப்பில் ரூட் சர்வர் சிறந்தது என்று நினைக்கும் ஒன்றை மட்டும் கைமாற்றும். தன் ஏஎஸ் எண்ணை (நெட்வொர்க்கின் அடையாள எண்) வழக்கமாகப் பாதையில் சேர்க்காது. பிறகு உட்கார்ந்து படிக்கும்போது, இந்தப் பாதை ஐஎக்ஸ் வழியாகத்தான் வந்தது என்று நெக்ஸ்ட்-ஹாப் (அடுத்துப் போய்ச் சேரும் ரவுட்டர்) முகவரியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் நெக்ஸ்ட்-ஹாப்பைத் தூக்கிப் போடும் எந்த ஸ்கிரிப்டையும் உள்ளே விடாதீர்கள்.

முழு டேபிள் என்பது வேறு. ஐபிவி4-இல் மட்டும் இப்போது 10 லட்சம் ரூட்டை ஒட்டி இருக்கிறது, ஐபிவி6-இல் 2 லட்சத்துக்கு மேல். அது வர வேண்டுமானால் எதிர்முனையில் இருப்பவர் உங்களைத் தன் *வாடிக்கையாளர்* மாதிரி அமைக்க வேண்டும். பியர் என்று அமைத்தால் நூற்றுக்கணக்கில் ஏதோ வரும், நீங்களும் செஷன் எழும்பிவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

கேபிள்காரன் | புதன், காலை 10.20

தம்பி, நான் கேபிள் டிவியில் தொடங்கி இப்போது இன்டர்நெட்டும் கொடுக்கிறேன். மேலூர் பக்கம் கொஞ்சம், நகரத்தில் கொஞ்சம். சொந்த ஏஎஸ் எண் இருக்கிறது. அப்ஸ்ட்ரீம் இரண்டு, இரண்டுமே சென்னையில் இருந்து வருகிறது. நீங்கள் கேட்டால் நான் ஃபீட் தருகிறேன், ஆட்சேபணை இல்லை. ஆனால் என்னிடம் முழு டேபிளே கிடையாது. இரண்டு பேரிடமும் டீஃபால்ட் ரூட் ('எல்லாவற்றையும் இங்கே அனுப்பு' என்ற ஒரே வரி) மட்டும்தான் வாங்குகிறேன். 10 லட்சம் ரூட்டை என் ரவுட்டரில் ஊற்றினால் அது அன்றைக்கே மூச்சை விட்டுவிடும். நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். சொந்த ஏஎஸ் எண்ணே இல்லாமல் அப்ஸ்ட்ரீம் கொடுத்த முகவரியில் ஓட்டுகிறவர்களும் நிறைய.

முத்துநகர் | புதன், பகல் 12.45

தூத்துக்குடியில் இருந்து. கடல் கேபிளுக்குப் பக்கத்தில் வைப்பது நல்லதா என்றும் யோசியுங்கள். எங்கள் ஊரில் இருந்து இலங்கையின் மவுண்ட் லவீனியாவுக்கு பாரத் லங்கா கேபிள் 2006-இலேயே போட்டாகிவிட்டது. மதுரையில் இருந்து இரண்டரை மணி நேரம்தான்.

நைட்ஷிப்ட் | புதன், இரவு 11.30

முத்துநகர், கேபிள் கரையேறும் இடம் வேறு, ரூட் கைமாறும் இடம் வேறு. கப்பல் நிற்கிற ஊரிலேதான் கடைத்தெரு இருக்க வேண்டும் என்று இல்லை. சென்னைக்கு அந்த அதிர்ஷ்டம் இரண்டும் சேர்ந்தே வந்தது: சிங்கப்பூருக்குப் போகும் கடல் கேபிள்களில் ஐ2ஐ 2002-இல், டிஐசி 2004-இல், எஸ்எம்டபிள்யூ4-உம் அங்கே இறங்குகிறது, கூடவே நிக்ஸி, டி-சிக்ஸ், எக்ஸ்ட்ரீம் என்று பரிமாற்ற முனைகளும் இருக்கின்றன. தூத்துக்குடியில் கேபிள் இருக்கிறது, கேட்டு எழுத ஆட்கள் குறைவு.

கேபிள்காரன் சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான தகவல். தென் மாவட்டத்தைப் பார்க்கத் தென் மாவட்டத்திலேயே உட்கார வேண்டும் என்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அவர் வழி மாறுவது அவர் ரவுட்டரில் தெரியாது. அவர் முகவரிகளை உலகம் எந்த வழியாகப் பார்க்கிறது என்பதில்தான் தெரியும். அதைப் பார்க்க அவருடைய அப்ஸ்ட்ரீம்களும் அவர்களுக்குப் போட்டியாளர்களும் கூடும் இடம் வேண்டும். இப்போதைக்கு அது சென்னை.

சிம்மக்கல் | வியாழன், காலை 8.10

சரி, மும்பையை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் இன்னொரு கேள்வி. பெட்டியே எதற்கு? ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ரூட்வியூஸ் 1990-களில் இருந்தே இதைச் செய்கிறது. ஐரோப்பாவின் ரைப் நிறுவனத்தின் ரிஸ்ஸும் அப்படியே. சிங்கப்பூர், தோக்கியோ, ஜோகன்னஸ்பர்க், சாவோ பாவ்லோ என்று பல ஊர்களில் பெட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாம் இலவசம். ஐஎக்ஸில் இல்லாதவர்களிடம் இருந்து மல்டிஹாப் (தொலைவில் இருந்தே போடும்) செஷனும் ஏற்றுக்கொள்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்த இரண்டு ஐஎஸ்பிகளை அங்கே ஃபீட் கொடுக்கச் சொன்னால் போதாதா?

வடக்குமாசி | வியாழன், காலை 9.05

இதை நாங்களும் பேசினோம் அண்ணே. பழைய சம்பவம் எதை எடுத்தாலும் அந்தத் தரவைத்தான் முதலில் திறக்கிறோம். 2008 பிப்ரவரி 24-இல் பாகிஸ்தான் டெலிகாம் யூடியூபின் 208.65.153.0/24-ஐத் தன்னுடையது என்று அறிவித்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். யூடியூப் அறிவித்திருந்தது /22 என்ற பெரிய முகவரித் தொகுதி, இவர்கள் அறிவித்தது அதற்குள்ளே ஒரு சின்ன /24. குறுகலான முகவரிதான் ஜெயிக்கும் என்பதால் உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. யூடிசி (உலகப் பொது நேரம்) 18.47-க்குத் தொடக்கம், 20.07-க்கு யூடியூபும் அதே /24-ஐ அறிவித்தது, 21.01-க்கு அடங்கியது. இவ்வளவு துல்லியமாக இன்று சொல்ல முடிவதற்குக் காரணம் ரிஸ் பெட்டிகள் எழுதி வைத்த கோப்புகள்.

அது உலகம் முழுக்கத் தெரிந்த கூத்து. மேலூரில் ஒரு ஜேசிபி செய்யும் கூத்து சிங்கப்பூர் வரைக்கும் போய்ச் சேருமா என்பதே எங்களுக்குச் சந்தேகம்.

நைட்ஷிப்ட் | வெள்ளி, அதிகாலை 3.00

இரண்டும் செய்யுங்கள். சென்னையில் ஃபீட் தரும் அதே ஆளை ரூட்வியூஸுக்கும் ஒரு செஷன் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பணம் தீர்ந்தபின்னும் அது ஓடும். ஆய்வுப் பெட்டிகள் பெரும்பாலும் ஆய்வேட்டோடு சேர்ந்து அணைந்துவிடுகின்றன, நானே இரண்டைக் கழற்றியிருக்கிறேன்.

மல்டிஹாப் பற்றி ஒரு எச்சரிக்கை. தொலைவில் உள்ள பெட்டிக்கு வரும் செஷன் சாதாரண இன்டர்நெட் மேலேயே ஓடுகிறது. நீங்கள் பார்க்க நினைக்கும் கேபிள் அறுப்பு அந்தச் செஷனையும் சேர்த்தே அறுக்கும். சம்பவ நேரத்தில் நோட்டில் வெற்றுப் பக்கம். இணைப்பு திரும்பியதும் எதிர்முனை முழு டேபிளையும் மறுபடி அனுப்பும். 10 லட்சம் அப்டேட் ஒரே நேரத்தில் வந்து விழும். பின்னால் படிப்பவர் பெரிய பூகம்பம் என்று நினைப்பார். செஷன் விழுந்தது, எழுந்தது என்ற நிலை மாற்றங்களைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் அன்று சென்னையில் கரன்ட், ஃபைபர் எல்லாம் பட்ட பாடு தெரியும்தானே? அப்படி ஒரு நாளில் பெட்டி மௌனமாக இருந்தால், ரூட் மாறவில்லை என்று அர்த்தமா, கேட்க ஆளில்லை என்று அர்த்தமா? இந்த இரண்டும் கோப்பில் ஒரே மாதிரி தெரியக்கூடாது.

கடைசியாக நேரம். பெட்டி யூடிசியில் ஓடட்டும். ஒரு தடவை நாங்கள் கோப்பின் பெயரில் நம்மூர் நேரம் போட்டுவிட்டோம், உள்ளே பதிவெல்லாம் யூடிசி. ஐந்தரை மணி நேரம் முன்னாலேயே நடந்த சம்பவம் என்று ஒரு வாரம் மண்டையைப் போட்டு உடைத்தோம்.

வடக்குமாசி | ஐந்து வாரம் கழித்து, சனி, மாலை 6.20

இழையை மேலே தூக்குகிறேன். பெட்டி சென்னையில்.

பியரிங்டிபி என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு முனையின் உறுப்பினர் பட்டியலையும் எடுத்து, கேபிள்காரன் அண்ணன் மாதிரி தென் மாவட்டத்து ஐஎஸ்பிகளுக்கு யார் யார் அப்ஸ்ட்ரீம் என்று பார்த்தோம். அந்த அப்ஸ்ட்ரீம்கள் அதிகம் பேர் இருந்த முனையை எடுத்தோம், அது அங்கே உள்ளவற்றில் மிகப் பெரியது அல்ல. மூன்று பேர் முழு டேபிள் தரச் சம்மதித்தார்கள். கூடவே ரூட் சர்வர் செஷனும்.

முதல் நாள் கதையைச் சொல்லியாக வேண்டும். மதுரையில் வாங்கிய எஸ்எஃப்பியை (ஃபைபர் சொருகும் சின்ன ஒளிக் கருவி) சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் போனேன். டேட்டா சென்டர் குளிரில் கை விறைக்க, ரேக் முன்னால் நின்று சொருகினால் லிங்க் விளக்கு எரியவில்லை. பேட்ச் கார்டைத் திருப்பிப் போட்டேன், துடைத்தேன், ஊதினேன். அரை மணி நேரம் கழித்து அங்கிருந்த ஊழியர் ஒருவர் என் கையில் இருந்ததை வாங்கி டார்ச் அடித்துப் படித்துவிட்டு, "தம்பி, இது மல்டிமோடு. மஞ்சள் கேபிள் சிங்கிள்மோடு" என்றார். நல்லவேளை அவர் அலமாரியில் ஒன்று இருந்தது.

பிறகு செஷன் எழும்பியது. வந்த ரூட் 312. நைட்ஷிப்ட் அண்ணன் எச்சரித்தது நினைவில் இல்லாவிட்டால் அப்படியே கிளம்பியிருப்பேன். போன் செய்தேன். எதிர்முனை இன்ஜினியர் எங்களை பியர் குரூப்பில் போட்டிருந்தார். மாற்றினார். திரையில் எண் 40 ஆயிரம், 3 லட்சம் என்று ஏறி 9 லட்சத்தைத் தாண்டி நின்றது. அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை, ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சிம்மக்கல் | சனி, மாலை 6.41

அதற்குத்தான் மும்பை வேண்டாம் என்றேன். 🙂

வடக்குமாசி | சனி, இரவு 7.10

இன்னொன்றும் செய்தோம். பழைய மினி பிசி ஒன்றைக் கேபிள்காரன் அண்ணனின் கன்ட்ரோல் ரூமில், இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்தோம். அதில் வரும் ரூட் மொத்தம் 2. இரண்டும் டீஃபால்ட். உலகமே இரண்டு வரி!

ஆனால் நேற்று அது வேலைக்கு வந்தது. மேலூர் ரோட்டில் ஜேசிபி ஃபைபரை இழுத்துவிட்டது. சென்னைப் பெட்டியில் மதியம் 3.13-க்கு அண்ணனின் நான்கு முகவரிகளும் பழைய பாதையில் இருந்து போயின. அடுத்த சில நொடிகளில் நீளமான பாதைகள் மூன்று தோன்றி மறைந்தன. அப்புறம் இரண்டாவது அப்ஸ்ட்ரீம் வழியாக நிலைத்தது. மினி பிசியிலும் ஒரு டீஃபால்ட் போனது அதே 3.13-க்கு. இரண்டு பெட்டியின் என்டிபியையும் பார்த்துவிட்டேன், கடிகாரம் சரி.

கேபிள்காரன் | சனி, இரவு 8.25

கடிகாரம் சரியாக இருக்கலாம் தம்பி, ஆனால் எனக்கு முதல் போன் 3.11-க்கே வந்துவிட்டது. லாக் இருக்கிறது, படம் எடுத்து அனுப்பவா?

நைட்ஷிப்ட் | ஞாயிறு, அதிகாலை 1.40

அண்ணே, உங்கள் ரவுட்டருக்கும் ஃபைபருக்கும் நடுவில் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபர் ஒளியைச் செப்புக் கம்பி சிக்னலாக மாற்றும் பெட்டி) இருக்கிறதா?

கேபிள்காரன் | ஞாயிறு, காலை 9.00

இருக்கிறது. ஃபைபர் போனாலும் ரவுட்டர் பக்கம் அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், சனியன்.

நைட்ஷிப்ட் | ஞாயிறு, பகல் 2.30

அப்படியானால் கணக்குச் சரி. விளக்கு எரிவதால் ரவுட்டருக்கு லிங்க் விழுந்தது தெரியாது. பிஜிபி ஹோல்ட் டைமர் 90 நொடி என்று இருந்தால், எதிராளியிடம் இருந்து சத்தமே இல்லாமல் 90 நொடி ஓடிய பிறகுதான் செஷன் செத்தது என்று முடிவு செய்யும். இரண்டு முனையும் அதே போலக் காத்திருக்கும். அதனால்தான் இரண்டு பெட்டியும் 3.13 என்கின்றன. ஃபைபர் அறுந்தது 3.11-ஐ ஒட்டி. வடக்குமாசி, இதை அப்படியே ஆய்வேட்டில் போடுங்கள். ஹோல்ட் டைமர் எவ்வளவு என்று ஒவ்வொரு பியரிடமும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அண்ணனுக்கு பிஎஃப்டி (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி சோதிக்கும் நெறிமுறை) போட்டுக் கொடுங்கள், ஒரு நொடிக்குள் தெரிந்துவிடும்.

கேபிள்காரன் | ஞாயிறு, மாலை 5.15

பிஎஃப்டி போடலாம். ஆனால் 3.11-க்குக் கூப்பிட்டது யார் தெரியுமா? என் மாமனார். சீரியல் நின்றுவிட்டதாம். அடுத்த பெட்டியை அவர் வீட்டில் வையுங்கள் தம்பி.